பராமரிக்க ஆளில்லாத திறமூல நூலகம்: ஃபோர்க் எடுப்பதற்கு முன்

கேள்வி: கோவையில் மளிகை, காய்கறி மொத்த விற்பனைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. எலெக்ட்ரானிக் தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையைப் படிக்க ஒரு திறமூல பைத்தான் நூலகத்தை, அதாவது பிற மென்பொருள்கள் எடுத்தாளும் கோட் தொகுப்பை, பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். எம்ஐடி உரிமம். ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் தனியாக எழுதியது. கடைசி வெளியீடு 2020இல் வந்தது. அதன்பின் 61 இஷ்யூ (பயனர்கள் பதிந்த புகார்கள்), 23 புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் அனுப்பிய கோட் திருத்தங்கள்) பதிலில்லாமல் கிடக்கின்றன. பைத்தான் 3.12 போட்ட கணினிகளில் சிலவற்றில் ஓடுகிறது, சிலவற்றில் நூலகத்தை உள்ளே அழைக்கும் இம்போர்ட் வரியிலேயே விழுந்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் மூவர், வேறு ஊர்களில் இதே நூலகத்தை நம்பியிருக்கும் இருவர், ஆக ஐந்து பேர் இதைத் தூக்கி நிறுத்தத் தயார். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முதலாளியும் சம்மதித்துவிட்டார். ஃபோர்க் எடுத்து (கோடை நகலெடுத்துத் தனித் திட்டமாக்கி) வேறு பெயரில் வெளியிட்டுவிடலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முடியும். இந்த அளவு நூலகத்துக்கு ஐந்து பேர் என்பது நல்ல பலம். ஆனால் ஃபோர்க்கில் தொடங்காதீர்கள். மற்ற கதவுகள் எல்லாம் மூடியபின் எடுக்கவேண்டிய வழி அது.

23 புல் ரிக்வெஸ்ட் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 23 முறை யாரோ மெனக்கெட்டு கோட் எழுதித் தந்திருக்கிறார்கள். அங்கே கோடுக்குப் பஞ்சமில்லை. அதைப் படித்து, சோதித்து, சேர்த்து, வெளியிடத்தான் ஆளில்லை. நீங்கள் ஐவரும் ஆளுக்கு இரண்டு திருத்தம் அனுப்பினால் 23 என்பது 33 ஆகும், அவ்வளவுதான். ஆகவே எந்த வேலையில் இறங்கும் முன்பும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் சுமை இதனால் குறையுமா, கூடுமா? கூடும் என்றால் தள்ளி வையுங்கள்.

முதலில் எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். ஒரு பைத்தான் நூலகத்துக்குக் குறைந்தது நான்கு சாவிகள் உண்டு. கிட்ஹப் தளத்தில் கோட் இருக்கும் களஞ்சியம் ஒன்று. பைத்தான் நூலகங்களை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பைப்பிஐ தளத்தில் உள்ள பெயர் இன்னொன்று. ஆவணங்கள் இருக்கும் தளம் மூன்றாவது. சொந்த டொமைன் இருந்தால் அது நான்காவது. இவை நான்கும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்றில்லை. பைப்பிஐ பக்கத்தின் ஓரத்தில் பராமரிப்பாளர்களின் பயனர் பெயர்கள் வரும். அங்கே இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். கமிட் (கோட் மாற்றப் பதிவு) வரலாற்றையும் பாருங்கள். ஆசிரியரைத் தவிர பத்துக்கு மேல் கமிட் செய்தவர் யாராவது இருக்கிறாரா? அவருக்கு எழுதும் உரிமை இன்னும் இருக்கக்கூடும், ஆசிரியரைத் தனிப்பட்ட முறையில் தெரிந்தும் இருக்கலாம். கடைசிக் கமிட்டின் தேதியையும் கடைசி வெளியீட்டின் தேதியையும் ஒப்பிடுங்கள். வெளியீடு 2020இல் நின்று, கமிட் 2022 வரை வந்திருந்தால் ஆர்வம் போகவில்லை, வெளியிடும் வேலைதான் அவருக்குப் பாரமாகிவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்வது எளிது.

உரிமத்தையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். செட்டப் கோப்பில் எம்ஐடி என்று ஒரு சொல் மட்டும் இருந்து, உரிமத்தின் முழு வாசகம் களஞ்சியத்தில் எங்குமே இல்லாத நூலகங்கள் உண்டு. வாசகம் இருந்தால் கவலையில்லை. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நீங்கள் மாற்றி வெளியிடலாம். இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அந்தக் கோப்பைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது 61 இஷ்யூ. மீட்புப் பணியில் மிகப் பெரிய பங்கு இதுதான், இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு பகிர்ந்த அட்டவணை தொடங்கி இஷ்யூக்களை ஐந்து பேரும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: இது இன்னும் நடக்கிறதா, எந்த பைத்தானில் எந்த இயங்குதளத்தில் நடக்கிறது, வேறு இஷ்யூவின் இரட்டையா, தீர்க்கும் புல் ரிக்வெஸ்ட் ஏற்கெனவே இருக்கிறதா. ஒரு எச்சரிக்கை: முதல் நாளே 61 இஷ்யூவிலும் போய்க் கருத்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு கருத்தும் ஆசிரியரின் அஞ்சல்பெட்டியில் ஒரு மின்னஞ்சலாக விழும். ஒரே இரவில் அறுபது அறிவிப்பு வந்தால் களைத்துப்போன மனிதர் மொத்தத்தையும் மியூட் செய்துவிடுவார், பிறகு உங்கள் கடிதமும் அவர் கண்ணில் படாது.

தராசு நூலகம் என்பதால் பிரிக்கும்போது சில விஷயங்கள் அடிக்கடி எதிர்ப்படும். "எடை வரவில்லை" என்ற புகார்களில் கணிசமானவை நூலகத்தின் பிழையாக இருக்காது. யூஎஸ்பி-சீரியல் கேபிளுக்குள் இருக்கும் சிப்பே காரணமாக இருக்கலாம். பழைய பிஎல்2303 வகைச் சிப்புகள் சிலவற்றைப் புதிய விண்டோஸ் டிரைவர்கள் ஏற்பதில்லை. வேறு சிலருக்கு தராசு 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழை சரிபார்க்கும் கூடுதல் பிட்) அமைப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும், நூலகமோ 8 பிட், பாரிட்டி இல்லை என்று எதிர்பார்க்கும். எழுத்துகள் குழம்பி வரும். இவற்றை ஒரு பக்க உதவிக் குறிப்பாக எழுதி வைத்தால் அதைக் காட்டியே பல இஷ்யூக்களை மூடலாம்.

இனி 3.12 சிக்கல். சில கணினியில் ஓடுகிறது, சிலவற்றில் விழுகிறது என்ற உங்கள் விவரிப்பு டிஸ்ட்யுட்டில்ஸ் என்ற பழைய பைத்தான் தொகுதியை நோக்கிக் கைகாட்டுகிறது. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 அந்தத் தொகுதியை அடியோடு நீக்கிவிட்டது. நூலகத்துக்குள் எங்கோ, பெரும்பாலும் பதிப்பு எண்களை ஒப்பிடும் இடத்தில், அதை இம்போர்ட் செய்திருப்பார்கள். செட்டப்டூல்ஸ் என்ற தொகுப்புக் கருவி நிறுவப்பட்ட கணினியில் அது தன்னிடமுள்ள டிஸ்ட்யுட்டில்ஸ் நகலைக் கொடுத்துச் சமாளித்துவிடும். ஆனால் 3.12 முதல் புதிதாக உருவாக்கும் மெய்நிகர் சூழல்களில் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் நிறுவல்) செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை, அங்கே நூலகம் விழுகிறது. பேக்கேஜிங் என்ற சிறு நூலகத்தின் பதிப்பு ஒப்பீட்டுக்கு மாறினால் தீரும். கிடக்கும் 23இல் ஒன்று பெரும்பாலும் இதைத்தான் செய்திருக்கும், தேடிப் பாருங்கள். நீங்களாக 24ஆவதை எழுதவேண்டாம்.

அதே நேரத்தில் சோதனைகளையும் பாருங்கள். அந்தக் காலத்து நூலகங்கள் பலவற்றின் சோதனைகள் நோஸ் என்ற கருவியில் எழுதப்பட்டிருக்கும். அதன் கடைசி வெளியீடு 2015இல் வந்தது, பைத்தான் 3.10இல் அது ஓடாது. பைடெஸ்ட் என்ற கருவிக்கு மாற்றவேண்டும். தானியங்கிச் சோதனை டிராவிஸ் என்ற சேவையின் திறமூலத் தளத்தில் இருந்திருந்தால் அந்தத் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டுவிட்டது, அதாவது அதற்குப் பிறகு வந்த எந்தப் புல் ரிக்வெஸ்ட்டும் சோதனையைப் பார்த்ததே இல்லை. ஆவணங்கள் ரீட் த டாக்ஸ் தளத்தில் இருந்தால் 2023 செப்டம்பரிலிருந்து களஞ்சியத்தில் அமைப்புக் கோப்பு ஒன்று இருந்தே ஆகவேண்டும். அது இல்லாத திட்டங்களின் ஆவணங்கள் புதுப்பிக்கப்படுவதில்லை. மூன்றும் அரை நாள் வேலை. இவற்றை முடிக்காமல் மற்றவற்றைச் சேர்த்தால் எது எதை உடைத்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

தராசே இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி உடனே எழும். தராசு அனுப்பும் பைட்டுகளை அப்படியே கோப்பில் பிடித்து வையுங்கள். எடை நிலையாக இருக்கும்போது முப்பது வினாடி, பொருளை வைத்து எடுத்து ஆட்டும்போது முப்பது வினாடி, வரம்புக்கு மேல் பாரம் ஏற்றியபோது பத்து வினாடி. தராசின் மாடல், பாட் வேகம் (தரவு அனுப்பும் வேகம்), பாரிட்டி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். சோதனையில் சீரியல் போர்ட்டுக்குப் பதிலாக இந்தக் கோப்பை ஊட்டி, வரும் எடை சரியா என்று பாருங்கள். பிடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தொடர்ந்து அனுப்பும் தராசுகளில் முதல் வரி பாதியில்தான் தொடங்கும். அந்த அரை வரியை வெட்டி எறியாமல் கோப்பில் விட்டுவையுங்கள். 12.345 கிலோ என்பது 2.345 ஆகப் படிக்கப்படும் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடையில் அது காசு. கோட் எழுதத் தெரியாத பயனர்கள்கூட இந்தக் கோப்புகளை அனுப்பலாம் என்பது இந்த முறையின் பெரிய நன்மை. தராசு விற்கும், சர்வீஸ் செய்யும் கடைக்காரர் ஒருவர் பத்து மாடல்களின் பதிவைத் தந்தால், அது பத்து புல் ரிக்வெஸ்ட்டைவிட மதிப்பு மிக்கது. சமூக ஆதரவு என்பதில் இதுவும் அடங்கும்.

இரண்டு வாரத்தில் அட்டவணை ஓரளவு நிறைந்துவிடும். இப்போது ஆசிரியருக்கு எழுதுங்கள். பைப்பிஐ பக்கத்தில் உள்ள முகவரி, கமிட்டில் பதிவான முகவரி இரண்டுக்கும் அனுப்புங்கள். ஒருவர் மட்டும் எழுதவேண்டும். ஐந்து பேர் தனித்தனியாக எழுதக்கூடாது. கடிதம் இப்படி இருக்கலாம்:

"உங்கள் நூலகம் தமிழ்நாட்டில் பல கடைகளில் நாள்தோறும் ஓடுகிறது, நன்றி. நாங்கள் ஐந்து பேர். வாரம் மொத்தம் பத்து மணி நேரம் தரமுடியும். திறந்திருக்கும் இஷ்யூக்கள் எல்லாவற்றையும் படித்து, எவை மூடத்தக்கவை, எவை உண்மைப் பிழைகள் என்று பிரித்து இணைத்திருக்கிறோம். 3.12இல் ஓட ஏற்கெனவே வந்திருக்கும் இந்த இரண்டு புல் ரிக்வெஸ்ட்டே போதும். இன்னின்ன தராசுகளில் சோதித்துவிட்டோம். நீங்களே சேர்த்து வெளியிட்டாலும் சரி, எங்களில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டாலும் சரி. இனி இதில் நேரம் செலவிட விருப்பமில்லை என்றால் அதை ஒரு வரியில் சொன்னாலும் எங்களுக்கு உதவி. அவசரமில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சம்பளமில்லாமல் பல ஆண்டு உழைத்தவருக்குப் பதில் எழுதாத குற்ற உணர்வு ஏற்கெனவே இருக்கும். "முடியாது" என்று சொல்ல வழி விட்டால்தான் பலர் பதிலே எழுதுவார்கள். கடிதத்தில் கெடு வைக்காதீர்கள். "எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா" என்ற தொனியும் வேண்டாம். இதில் மரியாதையோடு பாதுகாப்பும் கலந்திருக்கிறது. எக்ஸ்இசட் என்ற கோப்பு அமுக்கக் கருவிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2022இல், தாமதத்தைக் குறை கூறி, வேறொருவரைப் பொறுப்பில் சேர்க்கச் சொல்லி அதன் ஒரே பராமரிப்பாளரைச் சில கணக்குகள் நெருக்கின. தனக்கு மனநலச் சிரமம் இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் அவர் பொதுவிலேயே சொன்னார். அதுவரை பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பிவந்த ஒருவருக்குப் பிறகு பொறுப்பு போனது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் புதியவரின் கணக்கு பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். அந்தப் பின்கதவை இயக்கும் கட்டமைப்பு வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன.

இதனால் உங்கள் ஆசிரியர் உங்களைச் சந்தேகித்தால் அது நியாயமான சந்தேகம். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களுக்கான தளம்) தொகுப்பின் ஆசிரியர், உதவுகிறேன் என்று மின்னஞ்சல் எழுதியவரிடம் நம்பி வெளியீட்டு உரிமையைக் கொடுத்தார். பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த கோட் அதன்வழி உள்ளே போனது. எனவே முதல் கடிதத்திலேயே வெளியீட்டு உரிமை கேட்காதீர்கள். நீங்கள் யார், எந்த நிறுவனம், எதற்காக உங்களுக்கு இது தேவை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சில மாதம் பொதுவில் சிறு வேலைகளைச் செய்து காட்டுங்கள், நம்பிக்கை தானாக வரும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? டெபியன் லினக்ஸ் திட்டத்தில் கவனிப்பாரற்ற தொகுப்பை ஒருவர் மீட்க விரும்பினால், அறிவித்தபின் 21 நாள் காத்திருந்து, பிறகு இன்னும் 7 நாள் தாமத வரிசையில் வைத்துத்தான் ஏற்றவேண்டும். பைப்பிஐயின் விதியில் நிர்வாகிகள் உரிமையாளரைக் குறைந்தது மூன்று முறை தொடர்புகொள்ள முயல்வார்கள், ஆறு வாரத்துக்குப் பின்பே எட்டமுடியவில்லை என்று முடிவு செய்வார்கள். நீங்களும் ஆறு வாரத்தில் மூன்று கடிதம் என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய தேதிகளைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் சம்மதித்தால் களஞ்சியத்தை ஒரு கிட்ஹப் அமைப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தனிநபர் கணக்கில் இருக்கும்வரை "கூட்டுப்பணியாளர்" என்ற ஒரே நிலைதான் உண்டு, அது எழுதும் உரிமையோடுதான் வரும். அமைப்புக் கணக்கில் இஷ்யூக்களை ஒழுங்குபடுத்த மட்டும் ஒரு நிலை, எழுத ஒரு நிலை, நிர்வகிக்க ஒரு நிலை என்று பிரித்துக் கொடுக்கலாம். மாற்றினால் இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட் எல்லாம் கூடவே வரும், பழைய முகவரியும் புதியதற்குத் திருப்பிவிடும். ஆசிரியரை உரிமையாளராகவே வைத்திருங்கள். அவர் பெயரை அகற்றுவதால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

பைப்பிஐயில் இரண்டு நிலைகள்: உரிமையாளர், பராமரிப்பாளர். பராமரிப்பாளர் புதிய வெளியீட்டை ஏற்றலாம், ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ எதையும் அழிக்கவோ முடியாது. தொடக்கத்தில் அது போதும். ஓராண்டுக்குள் உரிமையாளர் இருவராவது இருக்கவேண்டும். அதுவும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்காத இருவர். உங்கள் ஐவரில் வேறு ஊர்க்காரர் இருவர் இருப்பது இங்கே கைகொடுக்கும். மூவரும் ஒரே அலுவலகம் என்பதால் அந்த அலுவலகம் நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் மூவரும் ஒரே நாளில் போய்விடுவார்கள்.

ஏற்றும் வேலையை யாருடைய மடிக்கணினியிலிருந்தும் செய்யாதீர்கள். பைப்பிஐ 2023இல் கொண்டுவந்த நம்பகமான வெளியீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். அதில் நிரந்தரக் கடவுச்சொல்லோ டோக்கனோ (கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிக் குறியீடு) எங்கும் சேமிக்கப்படுவதில்லை. கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் ஓடும்போது 15 நிமிடத்தில் காலாவதியாகும் டோக்கன் ஒன்று உருவாகி, வேலை முடிந்ததும் பயனற்றுப் போகும். பொதுவாகத் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பணிக்கோப்பில் ஐடி-டோக்கனுக்கு எழுதும் அனுமதி தர மறப்பது. இன்னொன்று, களஞ்சியத்தை அமைப்புக் கணக்குக்கு மாற்றியபின் பைப்பிஐயில் பதிந்த உரிமையாளர் பெயரை மாற்றாமல் விடுவது. பெயர் பொருந்தாததால் ஏற்றம் நிராகரிக்கப்படும். வெளியீட்டுக்கென ஒரு சூழலை அமைத்து, இன்னொருவர் ஒப்புதல் தந்தபின்பே ஓடும்படி வையுங்கள். தொடங்கியவரே ஒப்புதல் தரமுடியாதபடி தடுக்கும் தெரிவும் அங்கே இருக்கிறது, அதையும் போடுங்கள். களஞ்சியத்தில் உள்ளதிலிருந்தே தொகுப்பு உருவாகும் என்பதால், எக்ஸ்இசட்டில் நடந்ததுபோல் தொகுப்பில் மட்டும் எதையாவது நுழைப்பது மிகக் கடினமாகும்.

முதல் வெளியீட்டில் புதிய வசதி எதுவும் வேண்டாம். இந்த இடத்தில்தான் புதிய குழுக்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. ஐந்தாண்டு காத்திருந்த ஆசையில் எல்லாப் புல் ரிக்வெஸ்ட்டையும் சேர்த்து, ஃபங்ஷன் பெயர்களை மாற்றி, 2.0 என்று வெளியிடுவார்கள். பழைய பயனர்களின் கோட் உடையும். இஷ்யூ 61 என்பது 120 ஆகும். இரண்டே மாதத்தில் புதுக் குழுவும் களைத்துவிடும். புதிய பைத்தானில் ஓடவைக்கும் திருத்தம், எடை தவறாக வரும் பிழைக்கான திருத்தம், இவை மட்டும் போதும். முதலில் ஆர்சி1 என்று முன்வெளியீடாக ஏற்றுங்கள். நூலகங்களை நிறுவும் பிப் கருவி தானாக முன்வெளியீட்டை எடுக்காது, கேட்டவர்களுக்கு மட்டுமே தரும், ஆகவே யாருக்கும் பாதிப்பில்லை. இஷ்யூ எழுதியவர்களிடம் "இதைச் சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க இப்போது உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து முழு வெளியீடு. அதில் பிழை தெரிந்தால் அழிக்காதீர்கள். பின்வாங்கப்பட்டது என்று குறியிடும் வசதி இருக்கிறது. அப்போது புதிதாக நிறுவுவோருக்கு அது போகாது, அந்தப் பதிப்பையே துல்லியமாகக் குறித்து வைத்திருப்பவருக்குத் தொடர்ந்து கிடைக்கும். ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை மறுபடி பயன்படுத்த முடியாது, அடுத்த எண்ணுக்குத்தான் போகவேண்டும்.

ஆறு வாரமும் பதிலே வரவில்லை என்றால் இரண்டு வழி. பைத்தானின் 541ஆம் மேம்பாட்டு முன்மொழிவின்படி பைப்பிஐயில் பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமையாளரை எட்டமுடியாமல் இருக்கவேண்டும், பன்னிரண்டு மாதமாக வெளியீடு இருக்கக்கூடாது, திட்டப் பக்கத்தில் அவருடைய நடமாட்டமும் இருக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் கைவிடப்பட்டது என்று கொள்வார்கள். அதோடு நீங்கள் எழுதிய கடிதங்களின் சான்று, உங்கள் ஃபோர்க்கில் செய்த மேம்பாடுகள், வேறு பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்பதற்கான காரணம், எல்லாவற்றையும் காட்டவேண்டும். மனித உழைப்பால் நடக்கும் பரிசீலனை, மாதக்கணக்கில் ஆகலாம்.

இரண்டாவது வழிதான் நீங்கள் கேட்ட ஃபோர்க். நன்றாகச் செய்த ஃபோர்க்குகள் பைத்தானில் உண்டு. பிஐஎல் என்ற படநூலகத்தின் கடைசி வெளியீடு 1.1.7 2009இல் வந்தது. 2010இல் நிறுவும் சிக்கலைத் தீர்ப்பதற்கென்று மட்டும் பில்லோ தொடங்கியது. 2013இல்தான் பைத்தான் 3க்கான ஆதரவு சேர்ந்தது. இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வெளியீடு வருகிறது. பில்லோ பெயரை மாற்றியது, ஆனால் இம்போர்ட் செய்யும் பெயரைப் பழையதாகவே வைத்துக்கொண்டது. அதனால் பலர் தங்கள் கோடை மாற்றவேண்டியிருக்கவில்லை. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: பழையதும் புதியதும் ஒரே சூழலில் நிறுவப்பட்டால் ஒன்றின் கோப்புகள்மேல் மற்றொன்று எழுதும். குறியாக்க நூலகமான பைகிரிப்டோவின் இடத்தைப் பிடித்த பைகிரிப்டோடோம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. பழைய இம்போர்ட் பெயரோடு ஒரு தொகுப்பு, புதுப் பெயரோடு இன்னொரு தொகுப்பு என இரண்டாக வெளியிட்டது. உங்கள் நூலகத்தை வேறு எந்த நூலகமும் சார்ந்திருக்கவில்லை என்றால் பில்லோவின் வழி போதும்.

கிட்ஹப்பில் ஃபோர்க் பொத்தானை அழுத்துவதைவிட, முழு வரலாற்றோடு குளோன் செய்து (நகலெடுத்து) புதிய களஞ்சியமாக ஏற்றுவது நல்லது. பொத்தானால் வரும் ஃபோர்க்கில் இஷ்யூ பகுதி அணைந்தே இருக்கும்; புதியவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டும் தானாகவே பழைய களஞ்சியத்தை நோக்கிப் போகும். பழைய இஷ்யூக்கள் எந்த வழியிலும் வராது, உங்கள் அட்டவணைதான் அப்போது ஆதாரம். மற்றவர் எழுதிய புல் ரிக்வெஸ்ட்டை எடுக்கும்போது கமிட்டில் அவர் பெயரையே வைத்திருங்கள். ஆசிரியர் திரும்பி வந்தால் அவரிடமே எல்லாவற்றையும் சேர்த்துவிடத் தயார் என்று முகப்புக் கோப்பில் எழுதி வையுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்புப் பிழை 2014இல் வெளிவந்தபோது, உலகத்தின் பாதுகாப்பான இணைப்புகளில் பெரும்பகுதியைத் தாங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் பத்தாயிரம் ரூபாய் சிறியது என்று எண்ணவேண்டாம். ஆனால் அதைவிடப் பெரிய உதவி உங்கள் முதலாளியிடம் இருக்கிறது: அலுவலக நேரத்தில், மூவருக்கும் வாரம் இரண்டிரண்டு மணி. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்யும் வேலை ஆறு மாதத்தில் நின்றுபோகும், அலுவலக நேரத்தில் செய்வது நிலைக்கும். இதை எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமையாளர் முதலாளியே. "இந்த நூலகத்துக்கு எங்கள் ஊழியர்கள் எழுதுவதை எம்ஐடி உரிமத்தில் வெளியிடச் சம்மதம்" என்று நிறுவனத் தாளில் நான்கு வரி போதும். அது இல்லாமல் கோட் அனுப்பினால் பின்னாளில் நூலகத்தின் உரிமமே கேள்விக்குள்ளாகும்.

பணத்தில் முதல் மூன்று மாதத் தொகையைச் சோதனைக் கருவிகளுக்கு வையுங்கள்: வெவ்வேறு வகையில் எடை அனுப்பும் இரண்டு பழைய தராசு, எஃப்டிடிஐ, சிஹெச்340, பிஎல்2303 என ஒவ்வொரு சிப்பிலும் ஒரு கேபிள். பிறகு வருவதை ஆசிரியர் விரும்பினால் அவருக்கே அனுப்புங்கள். ஓப்பன் கலெக்டிவ் போன்ற தளங்களில் ஒரு நிதி ஏற்பாட்டாளரின் கீழ் கணக்கு தொடங்கினால் வரவு செலவு எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், உங்கள் கணக்காளர் கேட்கும் ரசீதும் கிடைக்கும். வெளிநாட்டுக்குப் பணம் போகும் என்பதால் வரிப் பிடித்தம் பற்றி அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "இந்தப் பிழைக்கு இவ்வளவு ரூபாய்" என்று பரிசு அறிவிப்பதை நான் ஆதரிக்கவில்லை. காசுக்காக ஒருமுறை எழுதுபவர் போய்விடுவார். அதைப் படித்துச் சரிபார்க்கும் வேலை மறுபடியும் காசு வாங்காத பராமரிப்பாளரின் தலையில் விழும். பணம் கொடுப்பதென்றால் சரிபார்க்கிறவருக்கும் வெளியிடுகிறவருக்கும் கொடுங்கள். ஜெரோதா நிறுவனம் 2024இல் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் ஆண்டுக்கு பத்து லட்சம் டாலர் வரை திறமூலத் திட்டங்களுக்கு ஒதுக்குகிறது, ஒரு திட்டத்துக்கு பத்தாயிரம் டாலரில் தொடங்கி. இப்போது உங்களுக்கு அது பொருந்தாது. நூலகத்தைப் பலர் பயன்படுத்தத் தொடங்கி, இரண்டு ஆண்டு ஒழுங்கான வெளியீடு கையில் இருந்தால் விண்ணப்பியுங்கள்.

வேலை ஓடத் தொடங்கியபின் வெளியீட்டுக்கு ஒரு நாள் குறியுங்கள்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் வாரம். தயாராக இருப்பது போகும், இல்லாதது அடுத்ததற்கு நிற்கும். வெளியிடும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு மாறட்டும். செய்முறையை இரண்டாமவர் முதலாமவரைக் கேட்காமலே செய்யும் அளவுக்கு எழுதி வையுங்கள். பதிலில்லாத இஷ்யூவைத் தானாக மூடும் பாட் (தானியங்கி நிரல்) வேண்டாம். பிழையைத் தெளிவாக எழுதித் தந்தவர்களையே அது முதலில் விரட்டும். புதிதாக வருபவரின் முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுங்கள், "இப்போது பார்க்க நேரமில்லை, மாதக் கடைசியில் பார்க்கிறேன்" என்றாவது. அப்படி வருபவர்களில் ஒருவர்தான் உங்களுக்குப் பின் இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்.

ஓராண்டில் உங்கள் ஐவரில் ஒருவர் மட்டுமே மிஞ்சினால் அதை மறைக்காதீர்கள். பராமரிப்பாளர் தேவை என்று முகப்பிலும் பைப்பிஐ பக்கத்திலும் எழுதுங்கள். மூன்று மாதத்தில் யாரும் வரவில்லை என்றால், கடைசியாக ஒரு வெளியீட்டை ஏற்றி, எந்த பைத்தான் பதிப்புவரை சோதிக்கப்பட்டது என்று அதில் குறித்து, களஞ்சியத்தைப் படிக்க மட்டும் முடியும் ஆவணக்காப்பு நிலைக்கு மாற்றுங்கள். உங்கள் நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளில் அந்தப் பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். நீங்கள் சேர்த்த தராசுப் பதிவுக் கோப்புகளைத் தனிக் களஞ்சியமாகவும் வெளியிட்டுவிடுங்கள். இன்னொருவர் வேறு மொழியில் இதே வேலையைச் செய்யத் தொடங்கும்போது முதலில் தேடுவது அவற்றைத்தான்.